சுத்தியல்கள் சொல்லும் வரலாறு: தேம்ஸ் கரையில் இருந்த போர்க்கப்பற் பட்டறை

ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து கிறீன் வீதி வழியாக அப்டன் பாக் நோக்கி நடக்கும் எம்மவர், கருஞ்சிவப்பும் நீலமும் கலந்த மேற்சட்டை அணிந்த சிறுவர்களைக் காணாத நாள் இல்லை. வெஸ்ட் ஹாம் உதைபந்தாட்டக் கழகத்தின் சட்டை அது. சில மாதங்களுக்கு முன் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அச்சட்டையுடன் வந்த மாணவன் ஒருவன், நெஞ்சிலிருந்த சின்னத்தைத் தொட்டுக் காட்டி, "சேர், பந்து விளையாடுறவைக்கு ஏன் இரண்டு சுத்தியல்?" என்று கேட்டான். இந்த மண்ணில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் நான் எனக்குள் ஒருமுறையேனும் கேட்டுப் பார்க்காத கேள்வி அது. அடுத்த கிழமை சொல்கிறேன் என்று அவனை அனுப்பிவிட்டு நூலகத்தின் படியேறினேன். அங்கு கண்டவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அந்தச் சுத்தியல்கள் கப்பல் கட்டுவோரின் சுத்தியல்கள். ஃபாரஸ்ட் கேட்டுக்குத் தெற்கே ஏறக்குறைய மூன்று மைல் தொலைவில், லீ ஆறு தேம்ஸ் நதியுடன் கலக்கும் இடத்தில், ஒரு காலத்தில் உலகின் கடற்படைகள் பல தேடிவந்த கப்பற் பட்டறை ஒன்று இருந்தது. தேம்ஸ் அயன்வேர்க்ஸ் என்பது அதன் பெயர். 1912 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் அது மூடப்பட்டது. அந்தப் பட்டறையின் தொழிலாளர் தொடங்கிய உதைபந்தாட்டக் கழகமே இன்றுவரை அந்தச் சுத்தியல்களைச் சுமந்து நிற்கிறது.

தேம்ஸ் நதிக்கரையில் கப்பல் கட்டும் தொழில் மிகப் பழையது. எட்டாம் ஹென்றி மன்னன் 1512 இல் வுல்விச்சிலும் 1513 இல் டெப்ட்ஃபோர்டிலும் அரச கப்பற் பட்டறைகளை அமைத்தான். 1614 இல் கிழக்கிந்தியக் கம்பனி பிளக்வோலில் தனக்கெனப் பட்டறை ஒன்றை நிறுவியது. கீழைத்தேய வணிகத்துக்கென இக்கரையிற் கட்டப்பட்ட கப்பல்கள் பல எமது கடல்களுக்கு வந்தன. அதே கம்பனியின் படைகள் 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து திருக்கோணமலையையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியதை இலங்கைச் சரித்திரம் படித்தோர் அறிவர். ஆகவே, கிழக்கு இலண்டனின் வரலாறு எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நாம் இங்கு வந்து சேர்வதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே இக்கரை எம் கரையைத் தேடி வந்திருக்கிறது.

மரக்கலங்களின் காலம் மாறி இரும்புக் கலங்களின் காலம் பிறந்தபோது, தொமஸ் டிச்பேர்ன், சார்ள்ஸ் மெயர் என்னும் இருவர் 1837 இல் கூட்டாகத் தொழில் தொடங்கினர். அடுத்த ஆண்டே லீ ஆற்றின் கழிமுகத்துக்கு இடம்பெயர்ந்தனர். 'போ கிறீக்' எனப்படும் அக்கழிமுகத்தின் இரு கரைகளிலும் பட்டறை பரவியது. இலண்டன் நகர எல்லைக்குள் தீங்கு தரும் தொழில்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1844 இல் வந்தபின், லீ ஆற்றுக்குக் கிழக்கேயுள்ள எசெக்ஸ் கரை தொழிற்சாலைகளால் நிரம்பலாயிற்று. சதுப்பு நிலத்தின்மீது தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. இன்றைய கனிங் டவுன் அவ்வாறு வளர்ந்த ஊரேயாகும்.

மெயரின் நிறுவனம் 1850களின் நடுப்பகுதியில் கடனில் மூழ்கியது. அவருடைய மாமனாரான பீற்றர் றோல்ட் முன்னின்று 1857 இல் அதனைப் புதிய கம்பனியாக மாற்றியமைத்தார். தேம்ஸ் அயன்வேர்க்ஸ் என்ற பெயர் அப்போது வந்ததாகும்.

இரண்டு ஆண்டுகளில் அதன் பெயர் உலகெங்கும் பரவும் வாய்ப்பு ஒன்று வந்தது. 1859 இல் பிரான்ஸ் 'குளோவார்' என்னும் கவசக் கப்பலைக் கடலில் இறக்கியது. அதன் உடல் மரம். வெளியே இரும்புத் தகடு போர்த்தப்பட்டிருந்தது. இதற்கு மறுமொழியாக, உடலையும் இரும்பாலேயே அமைத்து அதன்மேற் கவசமும் பூட்டிய போர்க்கப்பல் ஒன்றைக் கட்டப் பிரித்தானியக் கடற்படை தீர்மானித்தது. அந்த வேலை தேம்ஸ் அயன்வேர்க்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. 'வொறியர்' என்னும் அக்கப்பல் சுமார் 420 அடி நீளமும் 9,000 தொன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. நாலரை அங்குலத் தடிப்புள்ள இரும்புக் கவசத்துக்குப் பின்னால் பதினெட்டு அங்குலத் தடிப்பில் தேக்கு மரம் அடுக்கப்பட்டது. எம் ஊரில் கதவு நிலைக்கும் கட்டிலுக்கும் தேடித் திரியும் அதே தேக்குத்தான், அன்று பீரங்கிக் குண்டின் அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தையாகப் பயன்பட்டது.

கப்பலின் உடலைப் பூட்டிய விதத்தையும் இங்கு சொல்லவேண்டும். இரும்புத் தகடுகளைத் தறையாணிகள் கொண்டே பொருத்தினர். சிறுவன் ஒருவன் உலையில் ஆணியைச் செஞ்சூடாகக் காய்ச்சிக் கொடுப்பான். ஒருவர் அதைத் துளையிற் செருகி உள்ளிருந்து அழுத்திப் பிடிப்பார். மறுபுறம் இருவர் மாறிமாறிச் சுத்தியலால் அடித்து அதன் முனையைத் தட்டையாக்குவர். ஆணி ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது தகடுகள் இரண்டையும் இறுக்கி இணைக்கும். ஒரு கப்பலுக்கு இத்தகைய ஆணிகள் இலட்சக்கணக்கில் வேண்டும். ஓயாத அந்த ஓசையில் நடுவயதிலேயே செவிப்புலனை இழந்தோர் இத்தொழிலில் ஏராளம். மாணவன் சுட்டிக்காட்டிய சின்னத்தில் இருப்பவை இந்தத் தறையாணிச் சுத்தியல்களே.

1860 டிசெம்பர் 29 அன்று வொறியர் நீரில் இறக்கப்பட்டது. அவ்வாண்டுக் குளிர் மிகக் கடுமையானது. இறக்குமேடையோடு கப்பல் உறைந்து ஒட்டிக்கொண்டது. நீர்விசை உந்திகளாலும் இழுவைக் கப்பல்களாலும் பெரும் பாடுபட்டே அதனை அசைத்தனர். அரசின் அடிக்கடி மாறிய கட்டளைகளால் செலவு பெருகிக் கம்பனி முறிந்துபோகும் நிலைக்கு வந்தது. 50,000 பவுண் மேலதிகமாக வழங்கி அரசு அதனைக் காப்பாற்றியது. புகழின் உச்சியிலேயே வீழ்ச்சியின் நிழலும் கூட நின்றதை இங்கு கவனிக்கலாம்.

1866 மே மாதம் 'ஓவரென்ட் கேர்னி' என்னும் பெரும் நிதி நிறுவனம் முறிந்தது. அதனிடம் கடன்பட்டிருந்த தேம்ஸ் கரைக் கப்பற் பட்டறைகள் பல ஒன்றன்பின் ஒன்றாக மூடின. பொப்லர், மில்வோல் பகுதிகளில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் தொழிலின்றித் தெருவுக்கு வந்தனர். 1869 இல் வுல்விச், டெப்ட்ஃபோர்ட் அரச பட்டறைகளும் மூடப்பட்டன. நிலக்கரியும் இரும்பும் அருகிலேயே கிடைக்கும் கிளைட், டைன் நதிக்கரைகளுக்குக் கப்பற் கட்டுமானம் நகர்ந்தது. தேம்ஸ் அயன்வேர்க்ஸ் போர்க்கப்பல் வேலைகளை நம்பித் தாக்குப்பிடித்தது.

அந்தத் தாக்குப்பிடிப்பின் பெரும்பகுதி ஆனல்ட் ஹில்ஸ் என்பவரின் பெயரோடு பிணைந்தது. 1880 இல் இயக்குநர் சபையிற் சேர்ந்த இவர், ஒக்ஸ்ஃபோர்டில் படித்தவர்; இங்கிலாந்து உதைபந்தாட்ட அணிக்காக ஒருமுறை ஆடியவர்; மது, புகை, புலால் மூன்றையும் விலக்கியவர். இலண்டன் தாவர உணவுச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். அச்சங்கத்தின் செயற்குழுவில் அப்போது சட்டம் படிக்க வந்திருந்த இந்திய இளைஞர் ஒருவரும் இருந்தார். அவரே பின்னாளில் மகாத்மாவான காந்தி.

குடும்பக் கட்டுப்பாட்டை ஆதரித்த டொக்டர் அலின்சன் என்பவரைச் சங்கத்திலிருந்து நீக்கவேண்டும் என ஹில்ஸ் வாதாடினார். அலின்சனின் கருத்து காந்திக்கும் உடன்பாடானதன்று. ஆயினும் அக்கருத்துக்காக ஒருவரை விலக்குவது நீதியாகாது என்று அவர் எண்ணினார். எழுதிக்கொண்டு சென்றதை எழுந்து படிக்கக் கூச்சம் விடவில்லை, வேறொருவர் படித்தார், அலின்சன் தோற்றார். தம் தன்வரலாற்றில் காந்தியே இதனைப் பதிவுசெய்துள்ளார். 1931 இல் வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தி, நடிகர் சார்ளி சப்ளினைச் சந்தித்தது கனிங் டவுனிலுள்ள இந்திய மருத்துவர் ஒருவரின் இல்லத்திலாகும். அப்போது ஹில்ஸ் மறைந்து நான்கு ஆண்டுகள். பட்டறை மூடிப் பத்தொன்பது ஆண்டுகள்.

ஹில்ஸுக்கும் தொழிலாளருக்கும் இடையில் எப்போதும் இணக்கம் நிலவவில்லை. வேலைநிறுத்தங்கள் பல நடந்தன. எனினும், இலாபத்தில் ஒரு பங்கைத் தொழிலாளருக்குப் பகிரும் திட்டத்தை 1892 இலும், நாளொன்றுக்கு எட்டு மணிநேர வேலையை 1894 இலும் அவர் நடைமுறைப்படுத்தினார். தொழிலாளருக்கென இசைக்குழுவும் விளையாட்டுக் கழகங்களும் தோன்றின. டேவ் டெய்லர் என்னும் மேற்பார்வையாளரின் யோசனையின்பேரில் 1895 இல் உதைபந்தாட்டக் கழகம் தொடங்கப்பட்டது. அக்கழகமே 1900 இல் வெஸ்ட் ஹாம் யுனைட்டெட் எனப் பெயர் மாறியது. 1904 முதல் 2016 வரை அப்டன் பாக்கில் அதன் மைதானம் இருந்தது. பின்னர் ஸ்ராட்ஃபோர்ட் ஒலிம்பிக் பூங்காவுக்குச் சென்றது.

இத்தகைய பட்டறையின் வரலாற்றில் ஒரு துயர நாளும் உண்டு. 1898 ஜூன் 21 அன்று 'அல்பியன்' என்னும் போர்க்கப்பல் நீரில் இறக்கப்பட்டது. யோர்க் சீமாட்டி வருகை தந்த அவ்விழாவைக் காண அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் குழந்தைகளோடு திரண்டன. இடமின்றித் தவித்த கூட்டம் நீரோரத்து மரப்பாலம் ஒன்றில் ஏறி நின்றது. பாரிய கப்பல் சறுக்கி இறங்கியபோது எழுந்த அலை அப்பாலத்தை நொறுக்கியது. சுமார் இருநூறு பேர் நீரில் வீழ்ந்தனர். கூட்டத்தின் ஆரவாரத்தில் அவர்களின் அலறல் பலருக்குக் கேட்கவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுட் பலர். பிளெய்ஸ்டோவிலுள்ள கிழக்கு இலண்டன் மயானத்தில் அவர்களுக்கான நினைவுச் சின்னம் இன்றும் இருக்கிறது. எம்மவரின் இறுதிக் கிரியைகளுக்கு அவ்விடம் செல்வோர் ஒரு கணம் அதன்முன் நிற்கலாம். கடல் தின்ற குழந்தைகளை நினைந்து நிற்க எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

போரினால் வீடிழந்து வந்த நாம் போர்க்கப்பல்களின் பெருமை பேசலாமா என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. இப்பட்டறை யப்பானுக்குக் கட்டிக்கொடுத்த 'புஜி', 'சிகிசிமா' என்னும் இரு போர்க்கப்பல்களும் 1905 இல் சூசிமாச் சமரில் ரஷ்யக் கடற்படையை அழிப்பதிற் பங்குகொண்டன. ஆறாம் ஆணியை அடித்தவனுக்கும் ஆயிரமாம் ஆணியை அடித்தவனுக்கும் அந்தக் கடல் எங்கிருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. கிழமைச் சம்பளமும் பிள்ளைகளின் பசியுமே அவர்கள் அறிந்தவை. மறுபுறம், உலகையே அதிரவைத்த வொறியர் தன் வாழ்நாளில் ஒரு சமரிலேனும் சுட்டதில்லை. பத்தாண்டுகளில் அதனினும் வலிய கப்பல்கள் வந்துவிட்டன. பின்னர் வேல்சில் ஐம்பது ஆண்டுகள் எண்ணெய் இறக்கும் மிதவையாகக் கிடந்தது. ஆகவே, இங்கு நான் பெருமை பேசுவது பீரங்கிகளை அன்று, கைகளின் திறமையையே.

அத்திறமையாலும் பட்டறையைக் காக்க முடியவில்லை என்பதே இவ்வரலாற்றின் கசப்பான பாடம். 1911 பெப்ரவரி முதலாம் நாள் 'தண்டரர்' என்னும் 22,000 தொன் போர்க்கப்பல் இங்கிருந்து இறக்கப்பட்டது. கழிமுகம் அதற்குப் போதவில்லை. மீதி வேலைகளுக்காக டகன்ஹாமுக்கு இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. தேம்ஸ் நதியிற் கட்டப்பட்ட இறுதிப் பெரும் போர்க்கப்பல் அதுவே. அதன்பின் புதிய வேலை எதுவும் கிடைக்கவில்லை. வடக்கத்திய பட்டறைகள் குறைந்த விலை கூறின. இலண்டனில் நிலமும் கூலியும் விலை கூடியவை. நிலக்கரியும் இரும்பும் தொலைவிலிருந்து வரவேண்டியவை. எட்டு மணிநேர வேலைதான் பட்டறையை அழித்தது என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் அதே 1894 இல் அரச கப்பற் பட்டறைகளும் நாற்பத்தெட்டு மணிநேரக் கிழமைக்கு மாறின என்பதை அவர்கள் மறந்துவிட்டனர். மூட்டுவாதத்தால் முடங்கியிருந்த ஹில்ஸ் அரசிடம் செய்த முறையீடுகள் பயனளிக்கவில்லை. பட்டறை மூடி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் உலகப்போர் வெடித்தது. 1916 இல் ஜட்லன்ட் கடற்சமரில் தண்டரர் ஈடுபட்டபோது, அதைக் கட்டிய கைகளுக்குக் கனிங் டவுனில் பட்டறை இல்லை.

இதை வாசிக்கையில் எனக்கு வடமராட்சிக் கரை நினைவுக்கு வந்தது. வல்வெட்டித்துறையில் ஓடாவிமார் ஏரா வைத்துப் பாய்க்கப்பல் கட்டிய காலம் எம் பாட்டன்மாருக்குத் தெரியும். வேம்பும் இலுப்பையும் வைரம் பார்த்துத் தெரிந்தெடுத்து, வாய்ச்சியாற் செதுக்கி, துறப்பணத்தால் துளையிட்டு, பலகை இடுக்குகளை அடைத்துக் கலப்பற்றுச் செய்து முடித்த கலங்கள் இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் சென்று வந்தன. அவற்றுள் ஒன்றான 'அன்னபூரணி'யை அமெரிக்கரான வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் விலைக்கு வாங்கினார். கனகரத்தினம் தம்பிப்பிள்ளை தண்டயலின் தலைமையில் எம்மவர் செலுத்திச் சென்ற அக்கப்பல், 1938 இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அங்கும் திறமைக்குக் குறைவிருக்கவில்லை. நீராவிக் கப்பல்களின் போட்டியும், 1948 க்குப் பின் வந்த சுங்க, குடிவரவுக் கட்டுப்பாடுகளும், ஈற்றில் போரும் சேர்ந்து அத்தொழிலை முடித்துவைத்தன.

இரு கரைகளும் ஒரே விதமாக இழந்தன. ஆனால் இழந்தபின் செய்ததில் வேறுபாடு உண்டு. இந்நாட்டவர் தங்கள் பட்டறையை மறக்கவில்லை. எண்ணெய் மிதவையாகக் கிடந்த வொறியரை 1979 இல் ஹாட்டில்பூலுக்குக் கொண்டுசென்று எட்டு ஆண்டுகள் உழைத்துப் புதுப்பித்தனர்; 1987 முதல் அது போட்ஸ்மத் துறைமுகத்தில் நிற்கிறது. கனிங் டவுன் புகையிரத நிலையத்தின் கொங்கிறீட் சுவரில் தேம்ஸ் அயன்வேர்க்ஸின் வரலாறு எழுத்தாக வெட்டப்பட்டுள்ளது. 2012 இல் புதிய புகையிரதப் பாதைக்காக நிலத்தைத் தோண்டியபோது, தொல்லியலாளர் பட்டறையின் எச்சங்களை வெளிக்கொணர்ந்து பதிவுசெய்தனர். கழகமோ இரண்டு சுத்தியல்களை ஒவ்வொரு குழந்தையின் நெஞ்சிலும் பதித்துவிட்டது.

ஹாட்டில்பூலில் இன்னொரு கப்பலும் இருக்கிறது. மலபார்த் தேக்கினால் பம்பாயில் பார்சி இனத்தவரான வாடியா குடும்பத்துக் கப்பற் கலைஞர் கட்டி, 1817 ஒக்டோபரில் நீரில் இறக்கிய போர்க்கப்பல் அது. மிதக்கும் நிலையிலுள்ள பிரித்தானியப் போர்க்கப்பல்களில் மிகப் பழையது. அதன் பெயர் 'ரிங்கோமலி', எங்கள் திருக்கோணமலை. எம் ஊரின் பெயரைத் தாங்கிய கப்பலை அந்நியர் இருநூறு ஆண்டுகளாகப் பேணுகிறார்கள். எம் ஓடாவிமாரின் பெயர்களையேனும் நாம் பேணினோமா?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளைக் கனிங் டவுனுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஸ்ராட்ஃபோர்டிலிருந்து ஜூபிலி பாதையில் இரண்டாவது நிலையம். அந்தச் சுவரை வாசித்துக் காட்டுங்கள். வீடு திரும்பியதும் பேரன் பேத்திகளைப் பாட்டனின் பக்கத்தில் இருத்துங்கள். அவர் கட்டிய தோணி, தைத்த பாய், ஓட்டிய பேருந்து, கற்பித்த பள்ளி, எதுவாயினும் சரி, ஊர்ப்பெயர்களோடும் கருவிகளின் பெயர்களோடும் அவர் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். சுவரில் வெட்ட எமக்கு ஓர் அரசு இல்லை. கொப்பி உண்டு, பென்சில் உண்டு.

அடுத்த சனிக்கிழமை அம்மாணவனுக்கு விடை சொன்னேன். கவனமாகக் கேட்டபின், "சேர், அப்ப எங்கட ஊர்க் கப்பலுக்கு என்ன சின்னம்?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் விடையில்லை. வாய்ச்சி ஒன்றை வரைந்து வரும்படி வீட்டுவேலை கொடுத்திருக்கிறேன். அதன் வடிவத்தை அவன் தன் பாட்டனிடம்தான் கேட்க வேண்டும்.